திருட்டு டிவிடி வழக்கில் ஓராண்டு சிறை: அப்பீல் போட்டால் பலன் உண்டா?

கேள்வி:

என் கணவருக்கு 36 வயது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறார். ரீசார்ஜ், ரிப்பேர், அப்புறம் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுப்பது. 2019-இல் போலீஸ் வந்து 62 டிவிடி, கடை கம்ப்யூட்டர், நாலு பென் டிரைவ் எல்லாம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒன்பது நாள் ரிமாண்டில் இருந்து ஜாமீனில் வந்தார். அந்த டிவிடி அவர் அடித்ததில்லை. ஒருவர் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார், பில் கிடையாது. அதில் இரண்டு படம் அப்போது தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு நாளைக்கு முன்னால் ஜே.எம். (நீதித்துறை நடுவர்) கோர்ட்டில் தீர்ப்பு வந்தது. பதிப்புரிமைச் சட்டம் 63-ஆம் பிரிவில் ஓராண்டு சிறை, 50,000 ரூபாய் அபராதம். 68ஏ பிரிவில் ஆறு மாதம், 5,000 ரூபாய். இரண்டையும் ஏககாலத்தில் அனுபவிக்கலாமாம். நகையை அடகு வைத்து அபராதத்தைக் கட்டிவிட்டோம். அப்பீல் போக 30 நாள் தண்டனையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

பக்கத்துக் கடைக்காரர், அப்பீல் போட்டால் தண்டனை கூடிவிடும் என்கிறார். இன்னொருவர், படக் கம்பெனியோடு சமாதானம் பேசி வழக்கை முடித்துவிடலாம் என்கிறார். பழைய தேதியில் ஒரு பில் தயார் செய்து தருகிறேன் என்று ஒருவர் வருகிறார். என் கணவரோ, “ஓராண்டுதானே, இருந்துவிட்டு வந்துவிடுகிறேன், வக்கீலுக்கு வேறு கடன் வாங்க வேண்டாம்” என்கிறார். என்ன செய்வது?

பெயர் வேண்டாம், தென்காசி மாவட்டம்.

பதில்:

சகோதரி,

உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது அந்தப் பன்னிரண்டு நாள்தான். மற்றதைப் பேசுவதற்கு முன்னால் தேதிக் கணக்கை முடித்துவிடுவோம்.

உங்கள் தலைக்கு மேல் இரண்டு கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. பலர் இரண்டையும் ஒன்று என்று நினைத்து மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, அப்பீல் தாக்கல் செய்யும் கெடு. நடுவர் தந்த தீர்ப்பை எதிர்த்து செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போவதற்குக் காலவரையறைச் சட்டம் 30 நாள் தருகிறது. தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டு அது கைக்கு வரும்வரை ஆகும் நாட்கள் இந்த முப்பதில் சேராது. அதையும் தாண்டிவிட்டால், தக்க காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கும்படி கேட்கலாம். ஆக, இந்தக் கெடு கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

இரண்டாவது, நடுவர் தண்டனையை நிறுத்தி வைத்த 30 நாள். ஜாமீனில் இருக்கும் ஒருவருக்கு மூன்றாண்டுக்கு மேற்படாத சிறை விதித்தால், அப்பீல் போவதற்கு வேண்டிய அவகாசத்தைத் தண்டித்த கோர்ட்டே கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அந்த அவகாசம்தான் இது. நகல் பிரிவில் எத்தனை நாள் இழுத்தாலும் இது தானாக நீளாது. அந்த முப்பதாவது நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீலும், அதோடு தண்டனையை நிறுத்தி வைக்கும் மனுவும் தாக்கலாகி, உத்தரவு கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாரண்ட் வரும். உங்களுக்கு மிச்சம் 18 நாள். நடுவில் சனி, ஞாயிறு, கோர்ட் விடுமுறை எல்லாம் வரும். என் கணக்கில் உங்களிடம் இருப்பது பத்து வேலை நாள்தான்.

சிறைத் தண்டனை விதித்தால் தீர்ப்பின் நகல் ஒன்றை அன்றைக்கே இலவசமாகக் கொடுக்க வேண்டும். உங்கள் கணவரிடம் அது இருக்கும். பையில் மடித்து வைத்துவிட்டு மறந்திருப்பார்கள், எடுத்துப் பாருங்கள். அதை வைத்தே வேலையை ஆரம்பிக்கலாம். அப்பீல் போக வேண்டிய இடம் உங்கள் மாவட்டத்து முதன்மை அமர்வு நீதிமன்றம். நேரே மதுரைக்கு ஓட வேண்டியதில்லை. உயர் நீதிமன்றக் கிளை இதற்கு அடுத்த படி.

தண்டனையை நிறுத்தி வைப்பார்களா என்ற பயம் உங்களுக்கு இருக்கும். உச்ச நீதிமன்றம் 1999-இல் ஒரு வழக்கில், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் விதித்த தண்டனையில் அப்பீல் இருக்கும்போது, விசேஷக் காரணம் இல்லாவிட்டால் நிறுத்தி வைப்பதைத் தாராளமாகவே பரிசீலிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. இல்லாவிட்டால் அப்பீல் விசாரணைக்கு வருவதற்குள் தண்டனையே முடிந்துவிடும், அப்புறம் அப்பீல் எதற்கு? ஓராண்டு தண்டனை, விசாரணை முழுக்க ஒழுங்காக ஆஜரானவர், அபராதம் கட்டியாயிற்று. இப்படிப்பட்டவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும். இரண்டு ஜாமீன்தாரைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அபராதம் கட்டிவிட்டதால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்று குழம்ப வேண்டாம். ஆகாது. விடுதலையானால் அந்தப் பணமும் திரும்ப வரும்.

இனி பக்கத்துக் கடைக்காரர் சொன்னது. அவர் சொன்னது தவறு. தண்டிக்கப்பட்டவர் போடும் அப்பீலில் மேல் கோர்ட் தண்டனையைக் குறைக்கலாம், மாற்றலாம், ரத்து செய்யலாம், கூட்ட முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 386-ஆவது பிரிவு, அதன் இடத்துக்கு 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 427. எண் மாறியிருக்கிறது, விஷயம் அதேதான். அரசுத் தரப்பு தனியாக ஒரு அப்பீல் போட்டுத் தண்டனை போதாது என்று கேட்டால்தான் கூடுவதற்கு வழி. அப்படிப் போட்டாலும் உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்து, உங்கள் பக்கத்தைக் கேட்ட பிறகுதான் எதுவும். அந்தப் பயத்தை விடுங்கள்.

உங்கள் கணவர் சொல்வதுதான் எனக்குக் கவலை. கடன் வேண்டாம் என்று ஒரு மனிதர் சிறைக்குப் போகத் தயாராகிறார், அதைக் குறை சொல்லத் தோன்றவில்லை. ஆனால் அவர் ஓராண்டை மட்டும் எண்ணுகிறார். 63ஏ என்று ஒரு பிரிவு அடுத்த வரியிலேயே இருக்கிறது. ஏற்கெனவே தண்டிக்கப்பட்டவர் மறுபடி இதே குற்றத்தில் தண்டிக்கப்பட்டால் குறைந்தபட்சமே ஓராண்டு சிறை, அபராதம் ஒரு லட்சத்திலிருந்து ஆரம்பம். செல்போன் கடை நடத்துகிறவருக்கு இது தூரத்து ஆபத்து இல்லை. கடைப் பையன் ஒருவன் அவருக்குத் தெரியாமல் யாருக்கோ ஒரு படம் ஏற்றிக் கொடுத்தாலும் கதவைத் தட்டுவது இவர் கதவைத்தான். அதனால் இந்த அப்பீல் ஓராண்டைக் குறைப்பதற்கு மட்டும் இல்லை, அந்தக் குற்றத்தீர்ப்பு அவர் பெயரில் நிலைத்துவிடாமல் பார்ப்பதற்கும்தான்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். வருமான வரம்புக்குள் வருகிறவர்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் அவர்கள் வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும், அப்பீலுக்கும் சேர்த்து. இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று நடத்துவார் என்று ஒரு பேச்சு உண்டு. என் அனுபவத்தில் காசு வாங்கியவர்களிலும் அப்படி உண்டு, இவர்களிலும் உண்டு. போய்ப் பேசிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சரி, ஜெயிக்க முடியுமா? இங்கேதான் நான் உங்களிடம் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டும்.

அப்பீலில் பொதுவாகப் புதிதாக யாரும் சாட்சி சொல்ல மாட்டார்கள். கீழ்க்கோர்ட்டில் பதிவான சாட்சியம், குறியீடு செய்த (எண் போட்டுச் சாட்சியமாகச் சேர்த்த) ஆவணம், தீர்ப்பு, இந்த மூன்றையும் வைத்துத்தான் வாதம். குடும்பக் கஷ்டத்தைக் கடைசியில் தண்டனை அளவு பேசும்போது சொல்லலாம், குற்றத்தீர்ப்பை அது அசைக்காது. அதனால் வக்கீலிடம் போகும்போது தீர்ப்பை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். சாட்சிகளின் வாக்குமூல நகல், பொருட்களைக் கைப்பற்றியபோது சாட்சிகள் முன்னால் போலீஸ் எழுதிய மகஜர், பொருட்களைக் கோர்ட்டுக்கு அனுப்பிய 95-ஆம் படிவம் எல்லாம் வேண்டும். பழைய வக்கீலிடமே பெரும்பாலும் இருக்கும். அவரோடு மனஸ்தாபம் இருந்தாலும் வழக்குக் கட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

63-ஆம் பிரிவில் தண்டிக்க வேண்டும் என்றால், தெரிந்தே செய்தார் என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். உங்கள் கடிதம் முழுக்க இந்த இடத்தைச் சுற்றியே வருகிறது. ‘அவர் அடிக்கவில்லை, வேறொருவர் கொண்டுவந்து கொடுத்தார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அடிக்கவில்லை என்பது தண்டனை அளவைப் பேசும்போது உதவும். குற்றமே இல்லை என்பதற்கு உதவாது. விற்பதும், விற்பனைக்கு வைத்திருப்பதும் சட்டத்தின் கண்ணில் மீறல்தான். தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும் படம், ஜெராக்ஸ் அட்டை, பில் இல்லை, பையில் வந்த சரக்கு. இத்தனையும் இருக்கும்போது ‘எனக்குத் தெரியாது’ என்றால் எந்த நீதிபதியும் நம்ப மாட்டார். அந்த இரண்டு படத்தைப் பொறுத்தவரை அந்த வாதத்தைத் தொடவே வேண்டாம் என்பேன். பலவீனமான வாதத்தை முதலில் வைத்தால் அடுத்து வரும் நல்ல வாதத்தையும் நீதிபதி சந்தேகத்தோடு கேட்பார். ஊரில் எல்லாக் கடையிலும்தான் பாட்டு ஏற்றிக் கொடுக்கிறார்கள் என்பதும் அப்படித்தான்.

‘படத்தின் தயாரிப்பாளரே சாட்சிக்கு வரவில்லை, அதனால் வழக்கு நிற்காது’ என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். தேநீர்க் கடை முதல் பார் அசோசியேஷன் வரை இந்த வாதம் உலவுகிறது. ஒரு காலத்தில் ஆந்திராவில் ஒரு வீடியோ கேசட் கடை வழக்கில் உயர் நீதிமன்றம் இதை ஏற்று விடுதலையே செய்தது. ஆனால் 1996-இல் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டுவிட்டது. உரிமையாளரைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து சாட்சி சொல்ல வைப்பது அவசியம் இல்லை என்று சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு இருக்கும்வரை இதை மட்டும் நம்பி அப்பீல் போகாதீர்கள்.

அப்படியானால் எதைப் பிடிப்பது? வழக்குக் கட்டை விரித்து வைத்துக்கொண்டு சில கேள்விகள் கேட்க வேண்டும். 62 டிவிடி பிடித்தார்களே, அதில் எத்தனையைப் போட்டுப் பார்த்தார்கள்? யார் பார்த்தார்? எந்த டிவிடியில் எந்தப் படம் இருந்தது என்று எந்தச் சாட்சியாவது சொல்லியிருக்கிறாரா, அல்லது ‘திருட்டு டிவிடிகள் இருந்தன’ என்று மொத்தமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாரா? நான் ஒரு அப்பீலில் ஆஜரானபோது, நீதிபதி கேட்டதற்காக மூட்டையைப் பிரித்தார்கள். சில தட்டுகளில் ஒன்றுமே பதிவாகியிருக்கவில்லை, வெறும் தட்டு. அட்டையைப் பார்த்துத்தான் கணக்கு எழுதியிருக்கிறார்கள். முழு விடுதலை கிடைக்கவில்லை, ஆனால் அதற்குப் பிறகு வழக்கின் கனம் குறைந்துவிட்டது.

கைப்பற்றியது யார் என்றும் பாருங்கள். வாரண்ட் இல்லாமல் பறிமுதல் செய்யும் அதிகாரத்தை 64-ஆவது பிரிவு உதவி ஆய்வாளருக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும்தான் கொடுத்திருக்கிறது. மகஜரில் கையெழுத்துப் போட்டவர் தலைமைக் காவலராக இருந்தால் வக்கீலிடம் அதைக் கட்டாயம் காட்டுங்கள். பிடித்த தேதிக்கும் பொருட்கள் கோர்ட்டுக்குப் போன தேதிக்கும் எத்தனை நாள் இடைவெளி, நடுவில் எங்கே இருந்தது, கடையிலேயே சீல் வைத்தார்களா, ஸ்டேஷனில் வைத்தார்களா? மகஜர் சாட்சிகள் பிறழ்ந்துவிட்டார்கள் என்பது மட்டும் போதாது. போலீஸ்காரர் சாட்சியம் நம்பும்படி இருந்தால் அதை வைத்தே தண்டிக்கலாம் என்று கோர்ட்டுகள் பலமுறை சொல்லியாயிற்று. ஆனால் பிறழ்சாட்சியும், சீல் குழப்பமும், நாள் இடைவெளியும் ஒன்றாகச் சேர்ந்தால் அது வேறு கதை.

கம்ப்யூட்டரும் பென் டிரைவும் உங்களுக்கு இன்னும் நல்ல இடம் என்று நினைக்கிறேன். அதில் இருந்த பாட்டுகளின் பட்டியலை அச்செடுத்துக் குறியீடு செய்திருப்பார்கள். மின்னணுப் பதிவின் அச்சு நகலைச் சாட்சியமாக ஏற்க வேண்டும் என்றால், சாட்சியச் சட்டம் 65பி-யின்படி சான்றிதழ் கட்டாயம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. புதிய சாட்சியச் சட்டத்தில் இதற்கும் 63 என்றே எண், பதிப்புரிமைச் சட்டத்து 63-ஓடு குழப்பிக்கொள்ளாதீர்கள். சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டரையே கோர்ட்டில் காட்டி நிரூபித்திருந்தால் இந்த வாதம் எடுபடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

68ஏ பற்றிச் சுருக்கமாக. படத் தட்டின் மேல் தணிக்கைச் சான்று விவரம், தயாரித்தவர் பெயர், முகவரி, உரிமையாளர் பெயர் எல்லாம் இருக்க வேண்டும் என்கிறது 52ஏ. இல்லாமல் வெளியிட்டால் 68ஏ. இங்கே ‘தெரிந்தே’ என்ற சொல் இல்லை, அதனால் அரசுத் தரப்புக்கு இது சுலபமான பிரிவு. சட்டத்தில் இருக்கும் சொல் ‘வெளியிடுதல்’. பெட்டிக்கடையில் விற்பது வெளியிடுவதாகுமா என்று வாதாட இடம் இருக்கிறது. வாதாடலாம், ஆனால் அதன்மேல் வீடு கட்ட வேண்டாம்.

இதுவரை சொன்னது குற்றத்தீர்ப்பைப் பற்றி. தண்டனைக்கு வருவோம், என் கணிப்பில் உங்கள் வழக்கு தீர்மானமாகப் போகிற இடம் இதுதான்.

63-ஆம் பிரிவுக்கு ஒரு அடிமட்டம் உண்டு. ஆறு மாதச் சிறைக்கும் 50,000 ரூபாய் அபராதத்துக்கும் கீழே போகக் கூடாது. மேல் எல்லை மூன்றாண்டு, இரண்டு லட்சம். வீடியோ கேசட் பெருகிய காலத்தில், 1984 திருத்தத்தில் வந்த கண்டிப்பு இது. கேசட் போய், விசிடி போய், டிவிடியும் போய்க்கொண்டிருக்கிறது. அடிமட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. தொழில் ரீதியான லாபத்துக்காகச் செய்யாவிட்டால் அதற்குக் கீழே போகலாம் என்று ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் கடை போட்டுக் காசு வாங்கியவருக்கு அது பொருந்தாது. ஆகவே ‘ஓராண்டை மூன்று மாதமாகக் குறையுங்கள்’ என்று அப்பீல் மனுவில் எழுதினால், செஷன்ஸ் நீதிபதி நினைத்தாலும் கொடுக்க முடியாது. ‘ஆறு மாதமாகக் குறையுங்கள்’ என்று கேட்கலாம். முதல் குற்றம், ஆறேழு ஆண்டு கோர்ட்டுக்கு நடை, இதைச் சொன்னால் நியாயமான கோரிக்கைதான். ரிமாண்டில் இருந்த ஒன்பது நாளும் அதில் கழியும்.

ஆறு மாதமும் உள்ளே இருக்காமல் முடிக்க ஒரு வழி இருக்கிறது. அதைக் கீழ்க்கோர்ட்டில் உங்கள் தரப்பு கேட்டதா என்றே உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை. 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். அதன் நான்காவது பிரிவின்படி, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றமாக இல்லாவிட்டால், ஆளின் குணம், குற்றத்தின் தன்மை, சூழ்நிலை பார்த்து, சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடுவிக்கலாம். மூன்றாண்டு வரை ஒழுங்காக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ‘குறைந்தபட்சத் தண்டனை இருக்கிறதே, அப்புறம் எப்படி நன்னடத்தை?’ என்று எதிர்த்தரப்பு கேட்கும். குறைந்தபட்சத் தண்டனை உள்ள உணவுக் கலப்பட வழக்கு ஒன்றில், நன்னடத்தைச் சட்டம் பொருந்தும் என்று 1972-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2021-இல் பஞ்சாப் வழக்கு ஒன்றிலும், குறைந்தபட்சத் தண்டனை இருப்பது மட்டுமே நன்னடத்தைச் சலுகைக்குத் தடை இல்லை என்றது. உங்கள் வக்கீல் இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. நன்னடத்தைச் சட்டத்தில் விடக்கூடிய ஒருவரை அப்படி விடாமல் தண்டித்தால், ஏன் விடவில்லை என்பதற்கு விசேஷக் காரணத்தைத் தீர்ப்பிலேயே எழுத வேண்டும். பழைய சட்டத்தில் 361, புதியதில் 402. தீர்ப்பின் கடைசி இரண்டு பக்கத்தை எடுத்து நீங்களே படித்துப் பாருங்கள். ‘குற்றத்தின் தன்மையைக் கருதி நன்னடத்தைச் சட்டத்தின் பலனை அளிக்க இயலாது’ என்ற மாதிரி ஒரு வரியாவது இருக்கிறதா? அந்தப் பேச்சே இல்லாவிட்டால், அப்பீல் மனுவின் முதல் பக்கத்திலேயே அது ஏற வேண்டும். கீழ்க்கோர்ட் கொடுக்காததை மேல் கோர்ட் கொடுக்கலாம் என்று அந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவே சொல்கிறது. நீதிபதி நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்பார். அலுவலர் வீட்டுக்கு வருவார், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். அன்றைக்குக் கடையில் ஒரு டிவிடிகூட இருக்கக் கூடாது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா!

இந்த வழியில் குற்றத்தீர்ப்பு ரத்தாகாது. ஆனால் அதனால் ஒட்டிக்கொள்ளும் தகுதியிழப்பு எதுவும் இவருக்கு வராது என்று அதே சட்டத்தின் 12-ஆவது பிரிவு பாதுகாக்கிறது. அதனால் அப்பீலில் இரண்டையும் கேளுங்கள். முதலில் குற்றத்தீர்ப்பு நிற்காது என்று; அது எடுபடாவிட்டால், நன்னடத்தையில் விடுங்கள் என்று. இப்படிக் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டது போலாகிவிடுமே என்று சில வக்கீல்கள் தயங்குவார்கள். தயங்க வேண்டியதே இல்லை. மாற்றுக் கோரிக்கையாக வைப்பது தினமும் நடக்கிற விஷயம்.

படக் கம்பெனியோடு சமாதானம் என்பதற்கு ஒரு அளவுக்குத்தான் பலன். சில குற்றங்களைத்தான் இரு தரப்பும் கோர்ட்டிலேயே சமரசம் செய்து முடிக்க முடியும். அந்தப் பட்டியலில் பதிப்புரிமைக் குற்றம் இல்லை. தண்டனைக்குப் பிறகும் உயர் நீதிமன்றத்துக்குப் போய்ச் சமரசத்தைக் காட்டி ரத்து செய்யக் கேட்க ஒரு பாதை இருக்கிறது, ஆனால் அது அரிதாகத்தான் திறக்கும். கம்பெனிக்காரர் ‘எங்களுக்கு ஆட்சேபம் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தால் தண்டனையைப் பேசும்போது அது உதவும். அதற்காக நடுவில் யாராவது தரகர் பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். எழுத்து வராமல் பணம் போகக் கூடாது.

பழைய தேதியில் பில் தருகிறேன் என்று வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். இப்போது இருப்பது பதிப்புரிமை வழக்கு. அந்தக் காகிதம் கோர்ட்டுக்குள் போனால் பொய் ஆவணம் புனைந்த வழக்கு. அப்பீலில் புதுச் சாட்சியம் சேர்ப்பதற்கே நீதிபதி அவசியம் என்று கருத வேண்டும். ஆறேழு ஆண்டு கழித்துத் திடீரென்று முளைக்கும் பில்லை அரசு வக்கீல் சும்மா விடுவாரா? கையிலிருக்கும் நன்னடத்தை வாய்ப்பும் அதோடு போய்விடும்.

கம்ப்யூட்டரைத் திரும்ப வாங்க முடியுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடைக் கணக்கு அதில்தான் இருந்திருக்கும். பிடித்த பொருளைப் படத்தின் உரிமையாளரிடம் ஒப்படைக்கவோ அழிக்கவோ தீர்ப்பில் உத்தரவு போட்டிருந்தால், அதற்கும் 30 நாளுக்குள் அப்பீல் உண்டு, 71-ஆவது பிரிவு. தனியாக விட்டுவிடாமல் இப்போதே சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள்.

அப்பீல் நிலுவையில் இருக்கும் காலத்தில் உங்கள் கணவர் எப்படி இருக்கிறார் என்பதும் பார்க்கப்படும். இந்தக் குற்றத்தில் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. தமிழ்நாட்டில் இன்னொரு பயமும் இருக்கிறது. குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2004-இல் வீடியோ திருட்டையும் சேர்த்துவிட்டார்கள். வழக்கு விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை தடுப்புக் காவல். ஒரு தண்டனை ஏற்கெனவே இருக்கும்போது இன்னொரு வழக்கு வந்தால் அந்தக் கோப்பு எழுத அதிக நேரம் ஆகாது. பாட்டு ஏற்றிக் கொடுக்கும் வேலையை இன்றோடு நிறுத்தட்டும். அந்த போர்டு இன்னும் கடை முன்னால் தொங்கினால் கழற்றிவிடுங்கள். வெளிநாட்டு வேலை எண்ணம் ஏதாவது இருந்தால் கோர்ட் அனுமதி இல்லாமல் நகரக் கூடாது.

இந்தக் கடிதத்தைப் படிக்கிற வேறு சிலருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அபராதத்தோடு போய்விடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அப்பீல் கதவு பாதிதான் திறக்கும். தண்டனையின் அளவையும் அது சட்டப்படி சரியா என்பதையும் மட்டும் கேட்கலாம், குற்றம் செய்தேனா என்பதைக் கேட்க முடியாது. உங்கள் கணவர் வழக்கை நடத்தித் தீர்ப்பு வாங்கியவர். அவருக்கு முழுக் கதவும் திறந்திருக்கிறது.

செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் தள்ளுபடியானால் மதுரைக் கிளையில் சீராய்வு மனு போடலாம். அங்கே சாட்சியத்தை மறுபடி அலசிப் பார்க்க மாட்டார்கள், சட்டப் பிழையைத்தான் பார்ப்பார்கள். அதனால் கையில் இருக்கும் நல்ல சரக்கை எல்லாம் செஷன்ஸ் கோர்ட்டிலேயே இறக்கிவிட வேண்டும். அப்பீல் நாள்களில் வக்கீல் போவார் என்று இவர் வீட்டில் இருந்துவிடக் கூடாது. உத்தரவில் எந்தெந்தத் தேதியில் ஆஜராகச் சொல்லியிருக்கிறார்களோ அன்றைக்கெல்லாம் போக வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகக் கோர்ட்டின் நகல் பிரிவில் மனுப் போடுங்கள். மனுப் போட்ட தேதி, முத்திரைத்தாள் கேட்ட தேதி, நகல் தயாரான தேதி மூன்றும் நகலின் பின்பக்கத்தில் இருக்க வேண்டும், வாங்கும்போதே சரிபாருங்கள். அங்கிருந்து நேரே வக்கீலிடம். இலவசமாகக் கொடுத்த தீர்ப்பு நகல், அபராதம் கட்டிய ரசீது, ஆதார், ஜாமீன்தார் இருவரின் வீட்டு வரி ரசீது எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். வக்கீல் “அவசரமில்லை, இன்னும் நாள் இருக்கிறது” என்றால், எந்தக் கெடுவைச் சொல்கிறார் என்று கேளுங்கள்.